சூடேறிய எம்.ஜி.பி.யும் தண்டையார்பேட்டை ரேடியேட்டர் பட்டறையும்

தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கமாகத் திரும்பும் தெருக்களில் ஒன்றில், துறைமுகத்துக்குப் போய்வரும் கண்டெய்னர் லாரிகளின் ரேடியேட்டர்களைக் கழற்றிப் பற்றவைத்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. உரிமையாளர் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை. ரேடியேட்டர்காரர் என்று அங்குள்ள தேநீர்க் கடையில் விசாரித்தால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். கூரையைத் திறந்து ஓட்டும் பழைய பிரிட்டிஷ் காரான என்னுடைய 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டரை இந்தப் பட்டறையில் 26 நாள் விட்டுவைத்திருந்தேன். எஞ்சின் சூடாவதும், அதற்குப் போக வேண்டிய காற்று சரியாகப் போகாததும்தான் வண்டியின் நோய். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலருக்கும் இருக்கும் நோய் என்பதால், செய்த வேலையையும் செலவையும் எனக்கு ஏற்பட்ட மனக்குறையையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எம்.ஜி. என்றதும் இன்று எல்லோரும் காட்சியறையில் நிற்கும் புதிய எஸ்.யூ.வி.யைத்தான் நினைக்கிறார்கள். நான் சொல்வது இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இரட்டை இருக்கை வண்டியை. அதன் 1798 சி.சி. எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையின் 1489 சி.சி. எஞ்சின்தான் நம் அம்பாசடர் கார்களில் பல ஆண்டுகள் ஓடியது. இந்த உறவு தெரிந்திருந்ததால்தான் லாரி ரேடியேட்டர் பட்டறைக்குப் போகும் துணிச்சல் எனக்கு வந்தது. உரிமையாளர் சிறுவயதில் அம்பாசடர் டாக்சிகள் நிற்கும் ஷெட்டில் தொழில் கற்றவர். பானெட்டைத் தூக்கிப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இது நம்ம அம்பாசடருதான் சார், சட்டைய மாத்திக்கினு கீது" என்பதுதான்.

வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது ஓரளவு அமைதியாக இருக்கும். பேசின் பிரிட்ஜ் அருகிலோ மின்ட் பக்கமோ நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், வெப்பமானியின் முள் மேலே ஏறத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் ஏறிய முள் பிறகு இறங்கவே இறங்காது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நகரின் வேறொரு பகுதியில் உள்ள கராஜ் ஒன்றில் இதற்காகவே பணம் செலவழித்திருந்தேன். அவர்கள் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பழைய இரும்பு விசிறியைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் மின்விசிறி ஒன்றைப் பொருத்தினார்கள், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு நீரை விடாமல் அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டார்கள். பிறகு நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்களில் பஞ்சுத்துணி ஏர் ஃபில்டர்களை மாட்டினேன். இத்தனைக்குப் பிறகு வண்டி முன்பைவிட அதிகம் சூடானது, இழுவையும் குறைந்தது.

பட்டறைக்கு நான் கொண்டுபோன காகிதத்தில் மூன்று வேலைகள் எழுதியிருந்தன: இன்னும் பெரிய மின்விசிறி, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் அலுமினிய ரேடியேட்டர், கார்புரேட்டருக்கு இன்னும் திறந்த ஃபில்டர்கள். அவர் அதை வாங்கிப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து மின்விசிறியை ஓடவிடச் சொன்னார். சுவரில் இருந்த முருகன் படத்தின் முன் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை உருவி எடுத்துவந்து கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். புகை உள்ளே போகவில்லை. கிரில்லை நெருங்கிய இழை அங்கேயே தயங்கி, திரும்பி வளைந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. "இன்னா சார் இது, காத்த வெளிய தள்ளிக்கினு கீது" என்றார்.

காரணம் எளியது, எனக்குத்தான் இரண்டு ஆண்டுகளாகத் தெரியாமல் போயிற்று. 1967க்கு முந்தைய எம்.ஜி.பி.களில் பேட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும், இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிராக. புதிய மின்விசிறியின் கறுப்பு ஒயரை வழக்கம்போல உடலோடு முடுக்கிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். முன்னிருந்து குளிர்ந்த காற்றை உள்ளே தள்ள வேண்டிய விசிறி, எஞ்சின் அறையில் வெந்து கிடக்கும் காற்றை ரேடியேட்டர் வழியாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அதை வென்றுவிடும். சிக்னலில் நிற்கும்போது வெல்ல யாரும் இல்லை. விசிறி சுற்றுகிறதா என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன், எந்தப் பக்கம் காற்று போகிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஒயரை மாற்றிப் போட்டால் முடிந்துவிடுமே என்றேன். மாற்றிப் போட்டும் காட்டினார், புகை உள்ளே போயிற்று. பிறகு ஹெட்லைட்டையும் வைப்பரையும் போடச் சொல்லி, மின்னோட்டத்தை அளக்கும் இடுக்கியைப் பேட்டரி ஒயரில் மாட்டினார். என் வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டர் அல்ல, லூகாஸ் சி40 டைனமோ. அது முழு வேகத்தில் சுழலும்போதே 22 ஆம்பியர்தான் தரும். எஞ்சின் ஸ்லோவில் இருக்கும்போது ஏறக்குறைய எதுவும் தராது. விசிறி எப்போது மிகவும் தேவையோ அப்போதுதான் டைனமோ கையை விரிக்கிறது, பேட்டரி கரைகிறது. எனவே மின்விசிறியைக் கழற்றிவிட்டு, டிக்கியில் கிடந்த இரும்பு விசிறியையே வாட்டர் பம்பின் தலையில் திரும்பப் பூட்டினார். விற்பதற்கு ஒரு புதிய பொருள் கையில் இருந்தும் அதை விற்காத மெக்கானிக்கைப் பார்ப்பது அரிது என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

அடுத்தது ரேடியேட்டர். கோவிட் காலத்தில் நம் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அதைப் போன்ற, ஆனால் கூடுதல் சூட்டை அளக்கக்கூடிய துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கிறார். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டரின் முகத்தை மேலிருந்து கீழாகவும் ஓரத்திலிருந்து ஓரத்துக்கும் நான்கு விரல் இடைவெளியில் அளந்து, அளவுகளைச் சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு எழுதினார். நடுவில் 80 டிகிரியைத் தாண்டிய எண்கள், வலப்பக்கத்துக் கீழ்மூலையில் 50க்கும் கீழே இறங்கின. அந்த மூலை நன்றாகக் குளிர்கிறது என்று நான் மகிழ்ந்தேன். சுடுநீர் அங்கே போகவே இல்லை என்பதுதான் உண்மை. பளபளக்கும் பித்தளையை இந்தத் துப்பாக்கி சரியாகப் படிக்காது என்பதால், பழைய கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டுவதற்கு முன்பே அவர் அளந்துவிட்டார் என்பதையும் கவனித்தேன்.

மேல் தொட்டியைச் சுடரில் காட்டி ஈயத்தை உருக்கிப் பிரித்தபோது நான் அருகில் இருந்தேன். குழாய்களுக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்ததில், நான்கில் ஒரு பங்கு குழாய்களில் கம்பி இறங்க மறுத்தது. உள்ளே இருந்தது சுண்ணாம்பைப் போல வெளுத்த படிவு. முந்தைய உரிமையாளர் மணலிப் பக்கத்தில் இருந்தவர், போர்வெல் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடி நீரோடு கலந்திருப்பது ஊரறிந்த செய்தி. அப்பகுதிகளின் நீரைக் குடிக்கவே யோசிப்பவர்கள் ரேடியேட்டருக்கு ஊற்றும்போது மட்டும் யோசிப்பதில்லை. கம்பி விட்டுச் சுத்தம் செய்தால் ஓராண்டு ஓடும், குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியான 'கோர்' முழுவதையும் மாற்றினால் பல ஆண்டுகள் ஓடும் என்று இரண்டு வழிகளையும் விலையோடு சொன்னார். பித்தளைக் குழாயும் செம்புத் தகடும் கொண்ட புதிய கோரைக் கட்டச் சொன்னேன். அலுமினியத்தைவிடச் செம்பு வெப்பத்தை ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் கடத்தும் என்பது உண்மைதான்; அகலமான குழாய்களோடு வரும் நல்ல அலுமினிய ரேடியேட்டரும் சளைத்ததல்ல என்பதும் உண்மைதான். ஆனால் அலுமினியம் ஒழுகினால் தண்டையார்பேட்டையில் ஈயம் வைத்து மூட முடியாது. கோரைக் கட்டி முடித்து, தொட்டி நீரில் முக்கிக் காற்றடித்து, ஒரு குமிழிகூட வரவில்லை என்பதை எனக்குக் காட்டிய பிறகே பெயின்ட் அடித்தார்கள்.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதே எஞ்சின் பிளாக்கின் பின்பக்கத்து வடிகுழாயைத் திறந்தார்கள். ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியால் குத்திய பிறகு செங்காவி நிறத்தில் சேறு வந்தது. வார்ப்பிரும்பின் துரு நீரோட்டம் குறைந்த நான்காவது சிலிண்டர் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்திருக்கிறது. அரை நாள் முழுக்கத் தண்ணீரை எதிர்த்திசையில் பாய்ச்சி, தெளிந்த நீர் வரும்வரை விடவில்லை. என்னைக் கேட்டால், மொத்த வேலையில் மிகவும் பயனுள்ளதும் படம் எடுத்துப் போட முடியாததும் இதுதான். இப்போது உள்ளே இருப்பது மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி காய்ச்சி வடித்த நீர். கூலன்ட் சேர்த்தது சென்னையில் உறைபனிக்காக அல்ல, துரு பிடிக்காமலிருக்க.

ஒரு விஷயத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. தெர்மோஸ்டாட் இந்த ஊருக்கு வேண்டாத பொருள் என்பது அவருடைய டாக்சி ஷெட் காலத்து நம்பிக்கை. வெப்ப நாடுகளுக்கு 74 டிகிரியில் திறப்பதைப் போடச் சொல்லி வண்டியின் கையேடே கூறுகிறது. அது எஞ்சின் எவ்வளவுக்குக் கீழே குளிரக் கூடாது என்பதைத் தீர்மானிக்குமே தவிர, எவ்வளவு மேலே சூடாகலாம் என்பதைத் தீர்மானிப்பதில்லை. அது இல்லாத எஞ்சின் காலையில் வெகுநேரம் அரைச்சூட்டில் ஓடி, சிலிண்டரைத் தேய்த்து, ஆயிலைக் கெடுக்கும். நான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், "உங்க வண்டி, உங்க இஷ்டம் சார்" என்று மாட்டினார். ரேடியேட்டர் மூடியின் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. என் மூடியில் அது தாங்க வேண்டிய அழுத்தம் 10 பவுண்டு என்று பொறித்திருந்தது, சோதனைப் பம்பில் 4 பவுண்டிலேயே மூச்சை விட்டுவிட்டது. 10 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 115 டிகிரியில்தான் கொதிக்கும், 4 பவுண்டில் 107லேயே கொதித்துவிடும். எட்டு டிகிரி வித்தியாசம் ஒரு மூடியில் இருந்தது.

இனிக் காற்றுக்கு வருகிறேன். எம்.ஜி.பி.யின் கிரில் அகலமானது, காற்றுக்குப் பஞ்சமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். "காத்து வந்துகினுதான் கீது சார், போவ வேண்டிய எடத்துக்குத்தான் போவல" என்று அவர் சொன்னதை நான் அப்போது முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டுக்கும் பானெட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஸ்பாஞ்சு பட்டை மக்கி உதிர்ந்து இரண்டு விரல் சந்து விழுந்திருந்தது. ஹீட்டருக்குக் காற்று கொண்டுபோகும் துளையும் திறந்தே கிடந்தது. சென்னையில் ஹீட்டர் எதற்கு என்று யாரோ முன்பே கழற்றிவிட்டிருந்தார்கள். நெருக்கமான தகடுகளுக்குள் நுழைந்து போகும் சிரமத்தைவிடச் சந்து வழியாக நழுவுவது காற்றுக்கு எளிது. நீரைப் பாத்திக்குத் திருப்பும் விவசாயி மடையை அடைப்பதைப் போல, சந்துகளை எல்லாம் ஸ்பாஞ்சு வைத்து அடைத்தார். விசிறியைச் சுற்றி அலுமினியத் தகட்டில் ஷ்ரவுட் எனப்படும் கூடு ஒன்றைச் செய்து மாட்டினார்கள். இறக்கையின் பாதி அகலம் உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி ஆழத்தை அளந்து, எஞ்சின் குலுங்கும்போது உரசாமலிருக்கச் சுற்றிலும் கட்டைவிரல் இடைவெளி விட்டார்கள். இது இல்லாதபோது விசிறி தன் எதிரே இருந்த வட்டத்தின் வழியாக மட்டுமே காற்றை இழுத்தது, ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா இருந்தன.

கார்புரேட்டர் பக்கத்தில் குற்றவாளி நானேதான். இந்த வண்டியில் இருப்பவை இரண்டு எஸ்.யூ. எச்.எஸ்.4 கார்புரேட்டர்கள். அவற்றின் உள்ளே ஒரு பிஸ்டன், எஞ்சின் கேட்கும் காற்றுக்கு ஏற்றபடி தானே ஏறி இறங்கும். அது ஏற வேண்டுமானால் அதன் அடிப்பக்கத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் போய்ச் சேர வேண்டும். அந்தக் காற்று நுழையும் சிறு துளைகள் ஏர் ஃபில்டர் மாட்டும் முகப்பிலேயே இருக்கின்றன. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபில்டருக்கான பேக்கிங்கைத் தலைகீழாக வைத்து, துளைகளை மூடிவிட்டிருந்தேன். அதிகக் காற்றுக்காக வாங்கிய ஃபில்டர், இருபது ரூபாய் பேக்கிங்கின் புண்ணியத்தால் எஞ்சினின் குரல்வளையை நெரித்துக்கொண்டிருந்தது. உரிமையாளர் சிரிக்கவில்லை, அவருடைய உதவியாளர் சிரித்தார்.

இந்த எஞ்சினில் காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கம். கார்புரேட்டர்கள் புகையை வெளியே கொண்டுபோகும், கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கின்றன. இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓடிய பிறகு ஃபில்டரின் வாயில் 68 டிகிரி இருந்தது. திறந்த ஃபில்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது இழுப்பது இந்த வெந்த காற்றைத்தான். ஆகவே பழைய தகரக் கூடுகளையே திரும்ப மாட்டி, அவற்றின் மூக்குகளுக்கு, ஹீட்டருக்கென இருந்த அந்தத் துளையிலிருந்து மடங்கும் குழாய் ஒன்றை வளைத்துக் கொண்டுவந்தார். மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் தகட்டுக்குச் சூடு தாங்கும் புதிய உறை ஒட்டினார். அதே சோதனையில் இப்போது 47 டிகிரி. கணக்குப்படி காற்றின் அடர்த்தி ஆறு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் கூடியிருக்கிறது. அத்தனையும் குதிரைத்திறனாக மாறிவிடாது, ஏனெனில் உள்ளே போகும் வழியில் காற்று மறுபடியும் கொஞ்சம் சூடாகும். நின்று கிளம்பும்போது இருந்த திக்கலும் விக்கலும் போய்விட்டன என்பதே எனக்குப் போதும்.

இன்று பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதே அளவு காற்றுக்குச் சற்றுக் கூடுதல் எரிபொருள் வேண்டும். தூய பெட்ரோலுக்கு வைத்த பழைய செட்டிங்கில் கலவை மெலிந்துவிடும், மெலிந்த கலவை எஞ்சினைச் சூடாக்கும். இதை அவர் எந்தக் கருவியும் இல்லாமல் சரிசெய்தார். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் முன் கார்புரேட்டரின் வாயிலும் பிறகு பின் கார்புரேட்டரின் வாயிலும் காட்டி, இரண்டிலும் உஸ்ஸென்ற ஓசை ஒன்றாகும்வரை திருகுகளைத் திருப்பினார். பிறகு பிஸ்டனை நகக்கண் அளவு தூக்கிப் பார்த்தார்: எஞ்சின் அணையப் போனால் கலவை மெலிவு, வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் கொழுப்பு, அதாவது பெட்ரோல் அதிகம், ஒரு நொடி கூடி அடங்கினால் சரி. அடியில் உள்ள நட்டை ஒவ்வொரு பட்டையாகத் திருப்பி, மூன்றாவது முறையில் அந்த ஒரு நொடியைப் பிடித்தார். எத்தனாலில் ஊறி உப்பும் பழைய பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் கையோடு மாற்றச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

சோதனை ஓட்டத்துக்கு மணலி, மாதவரம் வழியாக ஜி.என்.டி. சாலையில் ஏறி, புழல், செங்குன்றம் தாண்டிச் சோழவரம் வரை போனோம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்த அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்தது. பையனாக இருந்தபோது வேலியோரம் நின்று பார்த்ததைத் திரும்பி வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். சீராக ஓடும்போது தெர்மோஸ்டாட் மூடியில் 78 டிகிரி. திரும்பும்போது மூலக்கடையில் நெரிசல் நமக்காகவே காத்திருந்தது. மதியம் இரண்டு மணி, இருபது நிமிடத்துக்கு மேல் நகரவில்லை. 92 வரை ஏறி அங்கேயே நின்றது. முன்பு இதே இடத்தில் நான் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்து நாள் என்று சொன்ன வேலை 26 நாள் ஆனது. துறைமுகத்து லாரி எது வந்து நின்றாலும் நம் வண்டி ஓரம் கட்டப்படும். அது அவருடைய அன்றாடப் பிழைப்பு என்பது புரிகிறது, ஆனால் தேதியை அதற்கேற்பச் சொல்லியிருக்கலாம். தொலைபேசியை எடுப்பதே இல்லை. இரவில் வண்டி தெருவில்தான் நிற்கும். நான் உறை கொண்டுபோகாமல் இருந்திருந்தால் லாரிப் புழுதி பெயின்ட்டை என்ன செய்திருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை. மட்கார்டின் மேல் துணி விரிக்காமல் சாய்ந்து வேலை செய்ததில், உதவியாளரின் பெல்ட் கொக்கி இடப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது. வருத்தம் தெரிவித்தார்கள், பணத்தில் குறைக்கவில்லை. ஷ்ரவுட் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அதன் விளிம்புகளை மடித்து முடித்த விதம் லாரிக்குப் போதும், திறந்த பானெட்டோடு கண்காட்சியில் நிற்கும் வண்டிக்குப் போதாது.

கோருக்கு 13,500 ரூபாய், ஷ்ரவுட்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் 4,200, கார்புரேட்டர் பக்கத்துச் சாமான்களுக்கு 3,800, கூலி 9,000, ஆக மொத்தம் 30,500. நான் வரவழைக்க நினைத்த அலுமினிய ரேடியேட்டர் ஒன்றுக்கே சுங்க வரியோடு இது போதுமானதாக இருந்திருக்காது. அச்சிட்ட பில் கிடையாது; நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறார், கேட்டால் கழற்றிய பழைய பாகங்களையும் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

போக நினைப்பவர்கள் வண்டியைக் காலை எட்டு மணிக்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, வேண்டுமானால் டோ செய்தாவது கொண்டுபோய் விடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை அவர் தொடமாட்டார், மதியம் வரை ஒதுக்கி வைத்துவிடுவார். உறையும், மட்கார்டில் விரிக்க ஒரு பழைய போர்வையும் நீங்களே எடுத்துப் போங்கள். பேட்டரியின் எந்த முனை உடலோடு சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுங்கள். அவருக்குத் தெரியும், ஆனால் நாம் இல்லாத நேரத்தில் ஒயரைத் தொடப்போவது அந்தச் சிரித்த பையனாக இருக்கலாம்.